ஊதிப் பெருத்த எட்டுக் கோப்புகள்

நாற்பத்தேழு வயதாகியும் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அக்காவுக்கும் அவளுக்கும் பதினோரு வருட இடைவெளி, நடுவில் யாரும் இல்லை. அக்கா வயலின் வாசித்தாள். வாசிப்பதைத் தவிர்த்து அக்காவுக்கு ஆக வேண்டிய எல்லாவற்றையும் குட்டி பார்த்துக்கொண்டாள். பயணச்சீட்டு எடுப்பாள், கடிதம் எழுதுவாள், அக்கா வீட்டுக் கணினி முரண்டு பிடித்தால் அரை மணி நேரத்தில் போய் நிற்பாள். அவள் வேலை பார்த்தது ஓர் அச்சகத்தில். புத்தகங்களுக்கும் ஆண்டு மலர்களுக்கும் பக்கம் வடிவமைப்பது அவள் பொறுப்பு.

அக்காவின் காதைப் பற்றிக் குடும்பத்தில் நிறையக் கதைகள் உண்டு. எட்டு வயதில், தெருமுனையில் திரும்பும் வண்டியின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அப்பா வர்றாரு, செயின் தளர்ந்திருக்கு" என்று சொல்வாளாம். மறுநாள் மெக்கானிக்கும் அதையேதான் சொல்வாராம். மின்விசிறி எந்தச் சுருதியில் சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கப் போவாள். இந்த வீட்டில் ரகசியம் பேசுவதென்றால் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும் என்று அம்மா அலுத்துக்கொள்வாள். வளர்ந்த பிறகு அந்தக் காதே அக்காவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. போட்டிகளுக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். டீச்சர் தலையாட்டினால் சரி, ஆட்டாவிட்டால் எங்கேயோ தப்பு என்று மாணவர்கள் நம்பினார்கள்.

பதினான்கு வருடத்துக்கு முன்பு அக்கா ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் மூன்று நாள் உட்கார்ந்து எட்டு உருப்படிகளைப் பதிவு செய்தாள். துணைக்கு வேறு வாத்தியம் கிடையாது, வயலின் மட்டும். கைகள் நன்றாக இருந்த காலம். வெளியிடுவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார். கூடத்துக்காரர் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார். அக்கா அதைக் குட்டியிடம் நீட்டி, தன்னிடம் இருந்தால் அது சமையலறை அலமாரிக்குள் போய்விடும், நீயே வைத்துக்கொள் என்றாள்.

குட்டியும் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள், மூன்று வருடம். பிறகு ஒரு பள்ளியின் பொன்விழா மலர் வேலை வந்தது. நாலாயிரத்துச் சொச்சம் புகைப்படங்கள். அச்சகத்துக் கணினியில் இடமில்லை, மலர் பத்து நாளில் வேண்டும் என்று தலைமையாசிரியை கழுத்தில் கத்தி வைத்தார். குட்டியின் கண் அந்த ஹார்ட் டிஸ்க்கில் விழுந்தது. மூன்று நாளும் திரும்பத் திரும்ப வாசித்த அக்காவின் பதிவுகளே பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருந்தன. எட்டு உருப்படிகளையும் எம்.பி.3 என்ற சுருக்கிய வடிவத்துக்கு மாற்றினாள். ஒவ்வொன்றும் ஐந்து எம்.பி.க்குள் அடங்கிவிட்டது. மேசை ஸ்பீக்கரில் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டாள். வித்தியாசம் தெரியவில்லை. பைண்டிங் பிரிவுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு, இதுல எதை வாசிச்சது உங்க அக்கா என்று அவர் கேட்டார். குட்டி சிரித்துக்கொண்டே டிஸ்க்கைத் துடைத்துவிட்டு அதில் புகைப்படங்களை ஏற்றினாள்.

அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. அக்காவிடம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பாட்டுதான் இருக்கிறதே.

உறுத்தல் வந்தது எட்டு வருடம் கழித்து. மழை நாளில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து அக்காவின் இடது கை மோதிர விரல் போயிற்று. எலும்பு சேர்ந்தது, ஆனால் விரல் மடங்கவில்லை. சொல்லிக்கொடுக்கலாம், இனி மேடையில் வாசிக்க முடியாது என்று மருத்துவர் சொன்னார். மருத்துவமனை நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த குட்டிக்கு, அந்த வார்த்தையைக் கேட்டதும் முதலில் ஞாபகத்துக்கு வந்தது அந்த ஹார்ட் டிஸ்க். அப்போதே சொல்லியிருக்கலாம். கட்டுப்போட்ட கையோடு படுத்திருப்பவளிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டாள். கட்டுப் பிரித்த பிறகு, மனசு தேறட்டும் என்று தள்ளிப்போட்டாள். அப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

இந்த வருட ஆரம்பத்தில் ஓர் இசை வெளியீட்டு நிறுவனத்திலிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. குட்டி எப்போதோ எம்.பி.3 பிரதி அனுப்பியிருந்த பழைய மாணவர் ஒருவர் மூலம் அந்த எட்டு உருப்படிகளைக் கேட்டார்களாம், வெளியிட ஆசைப்படுகிறார்களாம். இரண்டே நிபந்தனை. சுருக்கப்படாத மூலக் கோப்புகள் வேண்டும், எம்.பி.3யிலிருந்து மாற்றியவை கூடாது. அவற்றைக் கலைஞரே கேட்டுப் பார்த்து, இவைதான் மூலம் என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

அக்கா போனில் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டினாள். விரல் போன பிறகு அவள் குரலில் அப்படி ஒரு துள்ளலைக் குட்டி கேட்டதில்லை. படித்து முடித்துவிட்டு, "டிஸ்க் பத்திரமா இருக்கில்ல?" என்றாள்.

"இருக்கு."

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டுக் குட்டி போனை வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம், கணவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து அவள் கணினி முன் உட்கார்ந்தாள். இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருள். எட்டு எம்.பி.3 கோப்புகளையும் அதற்குள் இழுத்துப் போட்டு, வேவ் என்ற சுருக்கப்படாத வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை அழுத்தினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து எம்.பி. இருந்தது ஐம்பது எம்.பி. ஆகிவிட்டது.

பத்து மடங்கு பெருத்தாலும் உள்ளே ஒரு குண்டுமணி அளவுகூடப் புதிதாக எதுவும் சேரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். சுருக்கும்போது, காதுக்கு அவ்வளவாக எட்டாது என்று நினைப்பதையெல்லாம் மென்பொருள் தூக்கிப் போட்டுவிடும். போட்டது போட்டதுதான். அச்சகத்தில் அவள் தினமும் பார்க்கிற சங்கதி இது. போனில் வந்த தீப்பெட்டி அளவு போட்டோவைக் கொண்டுவந்து சுவர் அளவுக்கு அச்சடித்துக் கொடு என்று கேட்பவர்களிடம், பெரிசு பண்ணலாம், இல்லாத முகத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்று எரிந்து விழுபவள் அவள்தான்.

நல்ல ஹெட்போன் ஒன்றை இதற்காகவே வாங்கியிருந்தாள். மாட்டிக் கேட்டாள். பதினோரு வருடத்துக்கு முன்பு மேசை ஸ்பீக்கரில் கேட்காதது இப்போது கேட்டது. வில் தந்தியைத் தொடும் இடங்களிலெல்லாம், தண்ணீருக்குள் யாரோ கை அலசுவது போல ஒரு சலசலப்பு. அடிப்படையே தெரியாத தனக்கே இது கேட்கிறதென்றால் அக்கா முதல் வில்லிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

அப்புறம் இன்னொன்று கண்ணில் பட்டது. எட்டுக் கோப்புகளிலும் உருவாக்கிய தேதி என்று அன்றைய தேதி காட்டியது. குட்டி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணினியின் தேதியைப் பதினான்கு வருடம் பின்னால் தள்ளி வைத்து, எட்டையும் அழித்து, மறுபடி முதலிலிருந்து மாற்றினாள். டிஸ்க்கைத் துடைத்ததைத் தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதை அப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லை. தேதியைச் சரிசெய்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினாள்.

மறுநாள் பென் டிரைவோடு அக்கா வீட்டுக்குப் போனாள். மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. ஒரு சுவர் முழுக்க வயலின் பெட்டிகள். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். முதல் உருப்படி ஓடியது. குட்டி அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். இதோ, இப்போது கண்ணைத் திறப்பாள், என்னடி இது என்பாள், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அப்படி நடந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

மூன்று உருப்படி கேட்டுவிட்டு அக்கா ஹெட்போனைக் கழற்றினாள்.

"எல்லாம் இருக்குடி. வில்லு தொடுறதுகூட என்ன சுத்தமா கேக்குது பாரு. மூணாவதுல நடுவுல ஒரு எடத்துல மூச்சு விடுறேன், அதுகூட அப்படியே இருக்கு."

குட்டிக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. தப்பித்தோம். அந்த நினைப்பு அடங்குவதற்குள் சமையலறையில் துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்ததற்கு அடையாளமாகக் கீச்கீச்சென்று கூவ ஆரம்பித்தது. அக்கா திரும்பவில்லை. அது விட்டு விட்டுக் கூவிக்கொண்டே இருந்தது. அக்கா விரலை நீவியபடி, அட்டைக்கு எந்தப் புகைப்படம் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள். குட்டி எழுந்தாள்.

"எங்கடி போறே?"

"மெஷின் கூப்பிடுது."

"ஓ, ஆமா," என்றாள் அக்கா, கொஞ்சம் வேகமாக.

இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குட்டி சமையலறையிலேயே நின்றாள். அவளுக்குப் பொறி தட்டியது. மெல்லிய உயர்ந்த சத்தங்கள் அக்காவுக்குக் கேட்கவில்லை. சலசலப்பு இருப்பதும் அந்த இடத்தில்தான். அதனால்தான் பொய் எடுபட்டது. செயின் தளர்ந்ததைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்த காது அது. அது போய்விட்டது, அக்காவுக்கே தெரியாமல் போய்விட்டது, அந்த நிழலில் தான் ஒளிந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது, நேற்றுத் தேதியைத் திருத்தியதுகூட இதன் முன்னால் சின்னதாகத் தெரிந்தது.

அக்கா அன்றே கடிதத்தில் கையெழுத்திட்டாள். நானே கேட்டு உறுதி செய்கிறேன், இவையே மூலப் பதிவுகள். குட்டிதான் தட்டச்சு செய்தாள், குட்டிதான் அனுப்பினாள்.

பத்து நாள் கழித்து அச்சகத்தில் இருக்கும்போது போன் வந்தது. அந்த நிறுவனத்தின் சவுண்ட் இன்ஜினியர். தொடர்புக்கு என்று குட்டியின் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். நிதானமாகப் பேசும் மனிதர். குட்டி காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாசிப்பைப் பற்றி அவர் ரொம்ப நேரம் நல்ல வார்த்தை சொன்னார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். சத்தத்தைப் படமாக வரைந்து காட்டும் கருவி அவர்களிடம் உண்டு. நல்ல பதிவில் அந்தப் படம் மேலே போகப் போகத் தேய்ந்து மறையும். இதில் ஓர் உயரத்துக்கு மேல் கத்தியால் வெட்டியது போல ஒன்றுமே இல்லை, எட்டிலும் அப்படித்தான்.

"இது எம்.பி.3ல இருந்து வந்தது, மேடம். தேதி மட்டும் பழசா இருக்கு."

குட்டி ஒரு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"எனக்கு வருத்தம் என்னன்னா, டீச்சரே கேட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. அவங்க காதுக்கு இது தெரியாம இருக்க வாய்ப்பே இல்ல. தெரிஞ்சே கையெழுத்துப் போட்டாங்கன்னுதானே ஆகுது?"

குட்டிக்கு அப்போதுதான் உறைத்தது, தான் அக்காவை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம் என்று. பேசாமல் இருந்தால் அக்கா பொய்க்காரி. உண்மையைச் சொன்னால் அக்கா காது கேட்காதவள். அவசரத்தில் மூன்றாவதாக ஒன்றைப் பிடித்தாள். தப்பு முழுக்க என்னுடையது, அக்காவுக்கு எதுவும் தெரியாது, அவளுக்கு நான் கேட்கக் கொடுத்தது வேறு கோப்புகள் என்றாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ அந்த நல்ல ஃபைல் உங்ககிட்ட இருக்கணுமே, மேடம். அதையே அனுப்பிடலாமே."

கதவுக்கு வெளியே காகிதம் வெட்டும் இயந்திரம் ஒருமுறை இறங்கி ஏறியது.

"இல்லீங்க," என்றாள் கடைசியில். "அதெல்லாம் பதினோரு வருஷம் முன்னாடியே அழிச்சிட்டேன். நான்தான் அழிச்சேன்."

அவர் திட்டவில்லை. ஒப்பந்தம் டீச்சர் பெயரில் இருக்கிறது, அதனால் டீச்சருக்குத்தான் எழுதியாக வேண்டும் என்றார். குட்டி இரண்டு நாள் அவகாசம் கேட்டாள், நானே சொல்லிவிடுகிறேன் என்றாள். சரி என்று வைத்துவிட்டார்.

முதல் நாள் அவள் போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டாள். சாயந்திரம் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு முழுவதும் கேட்டார், கேட்டுவிட்டு, சொல்லிடு என்றார். அவ்வளவுதானா என்று அவர்மேல் எரிந்து விழுந்தாள். வேற என்ன சொல்லணும்னு எதிர்பாக்கறே என்று அவர் திருப்பிக் கேட்டார். பரவாயில்லை விடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா என்றுதான் மனசு ஏங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் போனபோது அக்கா வகுப்பில் இருந்தாள். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வாசித்துக்கொண்டிருந்தாள். குட்டி ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். அந்தப் பெண் தப்பான இடத்தில் விரல் வைத்தபோதெல்லாம் அக்கா சரியாகத் திருத்தினாள். ஆனால் அக்காவின் கண் ஒரு நொடிகூட அந்தப் பெண்ணின் விரல்களை விட்டு நகரவில்லை. முன்பெல்லாம் அக்கா சொல்லிக்கொடுக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள், இல்லை காய் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

அந்தப் பெண் வணக்கம் சொல்லிக் கிளம்பியதும் குட்டி ஆரம்பித்தாள். பொன்விழா மலரில் தொடங்கி, துடைத்தது, இருக்கு என்று சொன்னது, மாற்றியது, தேதியைத் திருத்தியது, இன்ஜினியர் கூப்பிட்டது, எதையும் விடாமல் வரிசையாகச் சொன்னாள். அக்கா வயலினுக்குத் துணி போர்த்திக்கொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்.

"அப்போ அன்னிக்கு நீ எனக்குப் போட்டுக் காட்டினது?"

குட்டி தயாராக வந்திருந்தாள். "அது வேறக்கா. என்கிட்ட ஒரு துண்டு மட்டும் பழசு இருந்துச்சு, அதைத்தான்…"

"பொய் சொல்லாதே."

அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எழுந்து படுக்கையறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. விரித்துக் குட்டியின் மடியில் வைத்தாள். செவிப் பரிசோதனை அறிக்கை. இரண்டு கோடுகள் இடமிருந்து வலமாகச் சமமாக வந்து, பாதி தூரத்தில் சரசரவென்று கீழே இறங்கின. மேலே இருந்த தேதிக்கு இரண்டு வருடம் வயதாகியிருந்தது.

"அன்னிக்கு எனக்கு நீ சொல்ற சலசலப்பும் கேக்கல, வில்லு தொடுறதும் கேக்கல," என்றாள் அக்கா. "அந்த எடத்துல மூச்சு விட்டேன்னு ஞாபகம் இருந்துச்சு. ஞாபகத்தைத்தான் உன்கிட்ட சொன்னேன்."

குட்டி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் தனக்குள் எழுந்தது என்ன என்பதை நினைத்து அவள் பின்னால் பலமுறை கூனிக் குறுகியிருக்கிறாள். அக்கா தனியாகவே போய்ப் பரிசோதித்துக்கொண்டு, இரண்டு வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். அதைக் கேட்டதும் குட்டிக்கு முதலில் வந்தது வருத்தமில்லை, ஒரு நிம்மதி. அக்காவும் பொய்தான் சொல்லியிருக்கிறாள்.

"அப்போ நாம ரெண்டு பேருமேதான்…" என்று ஆரம்பித்தாள்.

"சேத்துப் பேசாதே," என்றாள் அக்கா. "காது போனது நான் செஞ்சதில்ல. கேக்காமலே கையெழுத்துப் போட்டது என் தப்பு, அதை நான் பாத்துக்கறேன். டிஸ்க்கு உன்னோடது. ரெண்டையும் ஒரு கணக்குல போடாதே."

குட்டி தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா எதிரே நாற்காலியில் உட்கார்ந்து மடங்காத விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவள் போல அடுத்ததைச் சொன்னாள்.

"அழிச்ச அன்னிக்கே சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் போய் மறுபடி வாசிச்சிருப்பேன். எட்டு வருஷம் விரல் நல்லாத்தானேடி இருந்துச்சு."

இத்தனை நாளும் குட்டி தன் குற்றத்தை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டதாக நினைத்திருந்தாள். இந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. துடைத்ததோடு தன் தப்பு முடிந்துவிட்டது, மீதியெல்லாம் மறைத்ததுதான் என்று நினைத்திருந்தாள். சரிசெய்வதற்கு முழுதாக எட்டு வருடம் இருந்திருக்கிறது. அந்த எட்டு வருடமும் அவள் வாரம் தவறாமல் இங்கே வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறாள். அழுகை வந்தது. அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், கூட உட்காரவில்லை.

அந்த நிறுவனத்துக்கு அக்காவே எழுதினாள். மூலம் இல்லை என்பதையும், தன் காதின் நிலைமையையும், சரியாகக் கேட்காமலே கையெழுத்திட்டதையும் மூன்றே வரியில் எழுதி, குட்டியிடம் காட்டாமல் அனுப்பினாள். இன்ஜினியரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. வெளியீடு கைவிடப்பட்டது. அடுத்த மாதம் நடக்க வேண்டிய போட்டிக்கு நடுவராக வர முடியாது என்று அக்கா சொல்லிவிட்டாள், காரணத்தையும் சேர்த்தே சொன்னாள். மாணவர்களின் பெற்றோர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவர்களிடமும் சொன்னாள். இரண்டு பேர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் வழக்கம்போல வந்தார்கள்.

குட்டி சும்மா இருக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்துக்காரரைத் தேடி அலைந்தாள். கூடம் மூடிப் பத்து வருடமாகியிருந்தது. அவர் இப்போது தரைக்கு ஓடு விற்கும் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், உட்கார வைத்து யோசித்துப் பார்த்தார். கட்டடத்தைக் காலி செய்தபோது டிஸ்க்குகளையெல்லாம் மூட்டையாகக் கட்டிப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அக்கா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு முறை அக்கா வீட்டுக்குப் போகும்போதும் ஏதாவது வாங்கிக்கொண்டு போவாள், ஏதாவது ஒரு சாக்கில் மன்னிப்பும் கேட்பாள். பழம் நறுக்கும்போது கேட்பாள், கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்பாள். அக்காவும் சரி விடு, சரி விடு என்று முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ அக்கா கையை எடுத்துக்கொண்டாள்.

"நீ ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் நான்தான் உன்னைத் தேத்த வேண்டியிருக்கு. அந்த வேலையையும் எனக்குக் குடுக்காதே, குட்டி."

அதோடு குட்டி கேட்பதை நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான் கஷ்டம் அதிகமாயிற்று. கேட்டுவிட்டு வந்த நாட்களில் இரவு தூக்கமாவது வந்தது.

அக்கா காதுக்குக் கருவி மாட்டிக்கொண்டாள். முதல் வாரம் முழுக்கப் புகார்தான். செய்தித்தாள் புரட்டினால் தகரக் கூரையில் மழை பெய்கிறது, மேல்மாடி வீட்டுக்காரர் செருப்பில் ஆணி அடித்துக்கொண்டு நடக்கிறார், நீ பிஸ்கட் சாப்பிடாதே தலை வலிக்கிறது. குட்டி சிரித்தாள். சிரித்துவிட்டு, சிரிக்கத் தனக்கு உரிமை உண்டா என்று நிறுத்திக்கொண்டாள்.

விஷயம் பழைய மாணவர்கள் வரைக்கும் போயிருந்தது. அவர்களில் சிலர் பல வருடங்களாகத் தங்களிடம் இருந்த பதிவுகளை அக்காவுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். வகுப்பில் போனில் பதிவு செய்தது, ஏதோ கல்லூரி விழாவில் பின்வரிசையிலிருந்து எடுத்தது, இருமலும் நாற்காலி இழுக்கும் சத்தமும் கலந்தது. ஒன்றுகூட வெளியிடும் தரத்தில் இல்லை. எல்லாமே சுருக்கப்பட்டவைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டனுப்பினாள். மேசையில் புது ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டு இருந்தன. அவளே கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறாள். பக்கத்தில் கோடு போட்ட நோட்டும் பேனாவும். வந்ததையெல்லாம் இரண்டிலும் ஒவ்வொரு பிரதி வைக்க வேண்டும், எப்படி என்று சொல்லு என்றாள்.

குட்டி பழக்க தோஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள்.

"மவுசைத் தொடாதே," என்றாள் அக்கா. "வாயால சொல்லு, போதும். நான் எழுதிக்கறேன்."

குட்டி கையை மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் அந்த மஞ்சள் படத்தை இரண்டு முறை சொடுக்கு என்றாள். அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மஞ்சள் படம், ரெண்டு தடவை, என்று நோட்டில் எழுதினாள். பிறகு மவுசை எட்டிப் பிடித்துத் திரையில் அம்பைத் தேடினாள். அது ஒரு மூலையில் போய் ஒளிந்துகொண்டது. நானே ஒரு நொடியில் முடித்துவிடுவேன் என்பது குட்டியின் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அக்கா தேடிக் கண்டுபிடிக்கும் வரை காத்திருந்தாள்.

"ம், கெடச்சிருச்சு," என்றாள் அக்கா. "அடுத்து?"